இருபத்து மூன்றாவது கொடி

அத்தியாயம் 14

சர்வேயர் நிலம் அளக்கக் கொண்டுவந்த சங்கிலியைத் தமிழ்மணி பிடுங்கிக் கிணற்றில் எறிந்த நாளிலிருந்து, கோலியனூரில் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வரும் திங்கள்கிழமை போலீசோடு வந்து மறுபடி அளப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

நடராசனின் அண்ணன் மகன்தான் தமிழ்மணி. அண்ணன் சீனுவாசன் இறந்து மூன்று வருடமாகிறது. இருவர் கொல்லை நிலத்துக்கும் நடுவில் ஒரு வரப்பு. அந்த வரப்பைத் தாண்டி, பூவரச மரம் வரைக்கும் பன்னிரண்டு அடி மண். அது தன் பங்கு என்றார் நடராசன். அப்பா காலத்திலிருந்து உழுது பயிர் வைப்பது நாங்கள்தான் என்றான் தமிழ்மணி.

இதெல்லாம் தெரிந்தும், வியாழக்கிழமை காலை இசைவாணி தன் மாணவர்களைக் கல்லூரி வேனில் ஏற்றி அந்தக் கொல்லைக்கே கூட்டி வந்தாள்.

இசைவாணி நடராசனின் மூத்த மகள். திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறாள். இரண்டாம் வருடப் பிள்ளைகளுக்குப் புள்ளியியல் தாளும் அவள் பொறுப்பு. செடி, கொடி, பூ என்று சேர்ந்த பிள்ளைகள், கணக்கு என்றதும் முகம் வெளுத்துப் போவார்கள். போன வருடம் கரும்பலகையில் சூத்திரம் எழுதி எழுதி அவள் கை வலித்ததுதான் மிச்சம். பாதிப் பேர் பெயில்.

இந்த வருடம் தம்பி கோபியிடம் கேட்டாள். விழுப்புரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் கோபி, அக்காவுக்காகப் போனில் ஓடும் ஒரு சின்ன ஆப் எழுதிக் கொடுத்தான். நிலத்தின் எல்லையை வரைந்துவிட்டால், எந்தெந்த இடத்தில் நின்று செடியை எண்ண வேண்டும் என்று ஆப்பே சொல்லும். எண்ணிக்கையைப் போட்டதும், ஆசிரியையின் டேப்லெட்டில் வரைபடம் தானாக வளரும்.

அதோடு நிற்கவில்லை. விடியற்காலையில் அப்பாவும் கோபியும் போனைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லை முழுக்கச் சுற்றி, ஆப் காட்டிய நாற்பது இடத்திலும் எண் எழுதிய சிவப்புத் துணி கட்டிய கொடிக்குச்சிகளை நட்டு வைத்திருந்தார்கள். கோபி வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தான். அப்பா மட்டும் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தார்.

இசைவாணி அவரிடம் போனாள். பத்து வருடத்தில், நீ என்ன பாடம் எடுக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்காத மனிதர்.

"எதுக்குப்பா உங்களுக்கு இந்த வேலை?"

"எம் பொண்ணு வாத்தியார் வேல பாக்கறத நானும் பாக்க வேணாமா? நீ போய்க்கினே இரு. நான் இங்கதான் குந்திக்கினு இருப்பேன்."

பதினெட்டு பிள்ளைகள் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே காலைத் தூக்கி வைத்து நடந்தார்கள். ஒவ்வொரு கொடியடியிலும் ஒரு சதுரச் சட்டத்தை வைத்து, அதற்குள் இருக்கும் ஒவ்வொரு செடியிலும் இலைப்புள்ளி நோயின் புள்ளிகள் எத்தனை என்று எண்ண வேண்டும். பிறகு போனை ஒரு குச்சியில் மாட்டி அந்த இடத்தை வீடியோ எடுக்க வேண்டும். எடுக்க எடுக்கவே அது கல்லூரியின் ஆன்லைன் ஷீட்டில் ஏறிவிடும்.

"மேம், நல்லா தெரியற செடியா பாத்து எண்ணிக்கலாமா?" என்றான் ஒருவன்.

"அதான் கூடாது. நம்ம கண்ணு தனக்குப் புடிச்ச செடிகிட்டதான் போய் நிக்கும். எங்க நிக்கணும்னு போன் சொல்லட்டும். முள்ளு இருந்தாலும் சேறு இருந்தாலும் அங்கதான் நிக்கணும். ஒரு கொடியக்கூட விடக்கூடாது."

ஒரு மணி நேரத்தில் டேப்பில் நீலத் தூண்கள் எழும்பத் தொடங்கின. பிரின்சி ஓடி வந்தாள். வளவனூர்ப் பெண். எதைச் சொன்னாலும் ஏன் என்று கேட்பவள்.

"மேம், சராசரி பதினொண்ணுன்னு காட்டுது. ஆனா பதினொரு புள்ளி இருக்கிற செடி ஒண்ணுகூட நான் பாக்கல. மேட்டுல ரெண்டு மூணுதான். வாய்க்கா ஓரமா இருபது, இருபத்தஞ்சு."

"அப்ப அந்தச் சராசரி இன்னா சொல்லுது?"

பிரின்சி யோசித்தாள். "இங்க ஒரு கொல்ல இல்ல மேம். ரெண்டு கொல்ல இருக்குது. ஒண்ணா சேத்துட்டோம்."

இசைவாணி சிரித்துவிட்டாள். போன வருடம் இரண்டு மாதம் கத்தியும் ஒருத்தருக்கும் ஏறாதது இது.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பிரின்சி அடுத்த கொடியிடம் போயிருந்தாள். அங்கிருந்து கூப்பிட்டாள்.

"மேம், இருபத்து மூணு வரப்புக்கு அந்தாண்ட இருக்குது. இதுவும் நம்மதா?"

இசைவாணி டேப்பில் எல்லையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பச்சைக் கோடு வரப்பில் நிற்கவில்லை. பூவரச மரத்தைச் சுற்றிக்கொண்டு போனது. அந்தத் துண்டில் மட்டும் ஐந்து கொடிகள்.

கொட்டகைப் பக்கம் திரும்பினாள். அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"நம்மதுதாம்மா! எண்ணச் சொல்லு!"

வேண்டாம், வந்துவிடு என்று பிரின்சியிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால், ஒரு கொடியையும் விடக்கூடாது என்று அவளே சொல்லி ஒரு மணி நேரம்தான் ஆகிறது. பிள்ளைகள் எல்லாரும் அவளையே பார்த்தார்கள்.

"எடு பிரின்சி. ஜல்தியா எடுத்துட்டு வந்துடு."

பிரின்சி சட்டத்தை வைத்தாள். போனைக் குச்சியில் மாட்டினாள். ரோட்டில் ஒரு பைக் வந்து நின்றது.

தமிழ்மணி வண்டியை ஸ்டாண்டு போடக்கூட இல்லை. அப்படியே சாய்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்து வந்தான். வந்தவன் பிரின்சியைத் தொடவில்லை. இரண்டடி தள்ளியே நின்றான்.

"பாப்பா, நீ அந்தாண்ட போம்மா. இது உங்க சண்ட இல்ல."

குனிந்து இருபத்து மூன்றாவது கொடியைப் பிடுங்கினான். அடுத்ததைப் பிடுங்கினான். ஐந்தையும் பிடுங்கிக் கைக்குள் கட்டாகப் பிடித்துக்கொண்டு இசைவாணியைப் பார்த்தான்.

"நீயுமா வாணி? திங்கக்கெழம அளக்கறதுக்குள்ள, காலேஜ வச்சி கொடி நட்டுப் படம் புடிச்சி, இது எங்க நெலம்னு காட்டப் போறீங்களா? உங்கப்பன் புத்தி எனக்குத் தெரியும். உனக்குமா?"

"அண்ணா, சத்தியமா எனக்குத் தெரியாது. நான் இப்பதான்..."

அவள் முடிக்கவில்லை. அவன் முதுகுக்குப் பின்னால் அப்பா வந்துகொண்டிருந்தார். ஓடவில்லை. களை எடுக்கப் போகிறவர் மாதிரி நிதானமாக வந்தார். கையில் கருவேலம் வெட்டுகிற கொடுவாள்.

"அப்பா!"

தமிழ்மணி திரும்பினான். வாளைக் கண்டதும் கொடிக்கட்டு இருந்த வலது கையைத் தூக்கி முகத்தை மறைத்தான். வெட்டு முன்கையில் விழுந்தது. விறகில் விழுகிற சத்தம். குச்சிகள் சிதறின. கை மணிக்கட்டுக்கு மேலே மடங்கித் தொங்கியது. ஒரு நொடி இரத்தமே வரவில்லை. அப்புறம் இலைகள் மேல் பீறிட்டு அடித்தது.

நடராசன் இரண்டாவது முறை ஓங்கினார்.

தமிழ்மணி அலறிக்கொண்டு தலையால் அவர் மார்பில் மோதினான். இருவரும் வாய்க்காலில் விழுந்தார்கள். கொடுவாள் எங்கோ போனது. தமிழ்மணி இடது கையால் சித்தப்பாவின் கழுத்தைப் பிடித்துச் சேற்றில் அழுத்தினான். முழங்காலை அவர் முதுகில் ஊன்றி முகத்தைத் தண்ணீருக்குள் தள்ளினான். அவர் கால்கள் உதறின.

இசைவாணி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தோளைக் கடித்தாள். அவன் முழங்கையால் இடித்ததில் அவள் உதடு கிழிந்தது. மறுபடி பாய்ந்து அவன் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் சாய்த்தாள். நடராசனின் முகம் சேற்றிலிருந்து வெளியே வந்தது. இருமினார். இருமிக்கொண்டே கையால் கரையில் எதையோ தேடினார். வாளைத்தான் தேடுகிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

பிள்ளைகள் கத்திக்கொண்டு வேனைப் பார்த்து ஓடினார்கள். பிரின்சி மட்டும் நின்ற இடத்தில் நின்றாள்.

அப்போதுதான் கோவிந்தம்மாள் வந்தாள். தமிழ்மணியின் அம்மா. வேலி ஓரம் கேப்பைப் பயிருக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவள், மகனின் அலறலைக் கேட்டு மண்வெட்டியோடு ஓடி வந்திருந்தாள். பிள்ளையின் கையைப் பார்த்தாள்.

மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்து, எழுந்திருக்கப் பார்த்த நடராசனின் முழங்காலில் இறக்கினாள். எலும்பு உடைந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. மறுபடி ஓங்கியபோது, பின்னால் போன காம்பு பிரின்சியின் நெற்றியில் மோதியது. பிரின்சி அப்படியே உட்கார்ந்தாள்.

கோவிந்தம்மாள் திரும்பிப் பார்த்தாள். குச்சியில் மாட்டிய போன் சிவப்பு விளக்கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"எம் புள்ள சாவறத படமாடி புடிக்கிறீங்க?"

ஒரே போடு. போன் கண்ணாடித் தூளாக மண்ணுக்குள் போனது.

---

தமிழ்மணியை நூற்றெட்டு ஆம்புலன்சில் முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கோவிந்தம்மாள் மகனின் கையைத் தன் முந்தானையால் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஏறினாள். நடராசனையும் பிரின்சியையும் கல்லூரி வேனில் ஏற்றினாள் இசைவாணி. மற்ற பிள்ளைகளை மெயின் ரோட்டில் பஸ் ஏற்றிவிட்டார் டிரைவர்.

வேனில் டேப்பைத் திறந்தாள். விரல் ஈரத்தில் இரண்டு தடவை வழுக்கியது. இருபத்து மூன்றாவது வரிசையில் வீடியோ ஏறியிருந்தது. இரண்டு நிமிடம் பத்து விநாடி.

சத்தத்தைக் குறைத்துப் பார்த்தாள். எல்லாம் இருந்தது. தமிழ்மணி தள்ளி நின்றது, கொடிகளைப் பிடுங்கியது, அப்பா பின்னால் நடந்து வந்தது. அப்பாவின் முகம்கூடத் தெரிந்தது. கோபமே இல்லாத முகம்.

பின்சீட்டில் படுத்திருந்த அப்பா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"வாணி. கேட்டுக்கோ. கொடுவாள அவன்தான் எடுத்துக்கினு வந்தான். காலேஜுப் பொண்ணு மேல கை வச்சான். நான் தடுத்தேன். புடுங்கும்போது அவனுக்கே பட்டுது. இவ்ளோதான்."

"அவன் பிரின்சிய தொடவே இல்லப்பா."

"தொட்டான்னு சொல்லு. அந்தப் பொண்ணையும் சொல்லச் சொல்லு. நெத்தியில காயம் இருக்குது இல்ல, நம்புவாங்க."

முன்சீட்டில் துப்பட்டாவை நெற்றியில் அழுத்திக்கொண்டிருந்த பிரின்சி திரும்பவில்லை. அவள் தோள் மட்டும் விறைத்தது.

ஆஸ்பத்திரியில் பிரின்சிக்கு ஆறு தையல் போட்டார்கள். தமிழ்மணியை ஆபரேஷனுக்குக் கொண்டு போய்விட்டார்கள். கோவிந்தம்மாள் தியேட்டர் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள். நடராசன் காலுக்குக் கட்டையை வைத்துக் கட்டி, மூன்றாவது கட்டிலில் கிடத்தினார்கள்.

கோபி வந்து சேர்ந்தான். அப்பாவிடம் குனிந்து இரண்டு வார்த்தை பேசினான். நேராக அக்காவிடம் வந்து, கையைப் பிடித்து நடைபாதையின் கோடிக்கு இழுத்துப் போனான்.

"அந்தக் கோட்ட, பூவரசு வரைக்கும் யாரு போட்டது?" என்றாள் இசைவாணி.

"அப்பா போடச் சொன்னாரு. போட்டேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொன்னா நீ ஒத்துக்குவியா? காலேஜு பதிவுல நம்ம நெலம்னு ஏறிட்டா திங்கக்கெழம பேச வசதியா இருக்கும்னாரு. வெட்டு குத்துன்னு ஆவும்னு எனக்கு இன்னா தெரியும்?"

"கொடுவாள கொட்டாயில யாருடா வச்சது?"

கோபி முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் ஓங்கி அறைந்தாள். நடைபாதையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கோபி அவள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கிச் சுவரோடு தள்ளினான். தலை சுவரில் இடித்தது. டேப் கீழே விழுந்தது.

"அம்மா போன பின்னால நம்மள வளத்தது அவருதான்க்கா. அறுபத்திரண்டு வயசு. உள்ள போனா பொணமாத்தான் வெளிய வருவாரு. உனக்குத் தமிழ்மணி முக்கியமா?"

"கைய விடு. எல்லாம் வீடியோவுல இருக்குது."

"இல்ல. போன்ல பாத்தேன், வர்ற வழியிலயே அழிச்சிட்டேன்."

கையை உதறிக்கொண்டு டேப்பை எடுத்தாள். கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. ஷீட்டைத் திறந்தாள். இருபத்து இரண்டு இருந்தது. அதற்கு அடுத்து இருபத்து நான்கு. அந்த ஆப்பை எழுதியவனுக்கு அழிக்கவும் தெரியும் என்பது அவளுக்குத் தோன்றாமலே போயிருந்தது.

"இப்ப எந்த ஆதாரமும் இல்ல. நீ வாய மூடிக்கினு இருந்தா போதும். பொய்கூட சொல்ல வேணாம்" என்றான் கோபி. அவன் கன்னத்தில் அவள் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. கண்ணில் தண்ணீர் நின்றது.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். நடுத்தர வயதுப் பெண்மணி. நடராசனின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவர் சொன்னதை எழுதிக்கொண்டார். தமிழ்மணி வாளோடு வந்தது, பெண்பிள்ளையைப் பிடித்து இழுத்தது, தான் தடுத்தது. நடராசன் தடுமாறாமல் சொன்னார்.

"நேர்ல பாத்தவங்க யாரு?"

"நான்" என்றாள் இசைவாணி.

கோபி அவள் முதுகுப்பக்கம் வந்து நின்றான்.

"நான் இவர் பொண்ணு மேடம். இவர் சொல்றது நடக்கல. தமிழ்மணி கையில கொடிக்குச்சி மட்டுந்தான் இருந்துது. எங்கப்பாதான் கொடுவாளோட பின்னால வந்தாரு. அவன் திரும்பும்போது வெட்டுனாரு. மறுபடியும் ஓங்குனாரு. அப்புறந்தான் அவன் இவரத் தண்ணியில அமுக்குனான்."

நடராசன் மகளைப் பார்த்தார். பக்கத்து மேசையில் இருந்த எவர்சில்வர் தண்ணீர்ச் செம்பை எடுத்து வீசினார். அது அவள் காதோரம் உரசிச் சுவரில் மோதிச் சுழன்றது.

"நீ எனக்குப் பொறந்தவ இல்லடி. நான் செத்தா கொள்ளி வைக்கிற எடத்துக்குக்கூட நீ வரக்கூடாது."

"அப்பா, படுங்க" என்று கோபி அவரை அமுக்கிப் பிடித்தான். பிறகு நிமிர்ந்து, தரையைப் பார்த்தபடி சொன்னான். "மேடம், சம்பவம் நடக்கும்போது அக்கா வேன்ல இருந்துது. எதையும் பாக்கல. பயத்துல ஒளறுது."

"நீங்க அங்க இருந்தீங்களா தம்பி?"

கோபி ஒரு அடி பின்னால் நகர்ந்தான்.

சப்-இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவில்லை. "வேற யாரு இருந்தாங்க?"

பிரின்சியின் அப்பா வளவனூரிலிருந்து வந்திருந்தார். மகளின் தோளை அணைத்து வாசலுக்கு நடத்திக்கொண்டிருந்தார். இந்த வம்பே வேண்டாம் என்று வந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். பிரின்சி நின்றாள். அவர் இழுத்தார். அவள் கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இருந்தேன் மேடம். அவர் என்னத் தொடல. தள்ளிப் போம்மான்னு சொன்னாரு. மேம் அந்த எடத்துலதான் நின்னாங்க. என் நெத்தியில பட்டது மம்பட்டிக் காம்பு. அது யாரும் வேணும்னு அடிக்கல."

அவள் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் புதுப் பக்கம் திருப்பினார்.

"பேரு சொல்லும்மா."

இசைவாணி நடைபாதைக்கு வந்தாள். கால் தானாகத் தியேட்டர் பக்கம் போனது. அதே நேரம் கதவு திறந்தது. ஒரு நர்ஸ் கையில் காகிதத்தோடு எட்டிப் பார்த்தார்.

"தமிழ்மணி கூட வந்தவங்க யாரு? சீக்கிரம் கையெழுத்து வேணும்."

கோவிந்தம்மாள் எழுந்தாள். புடவையில் இரத்தம் காய்ந்து மடிப்பு மடிப்பாக விறைத்திருந்தது. காகிதத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற நிலையில் அவள் கண் இல்லை. சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் தெரிந்த முகம் இசைவாணி மட்டும்தான்.

"இந்தா. இன்னா எழுதியிருக்குதுன்னு சொல்லு."

"பெரியம்மா, நர்ஸம்மாவ படிக்கச் சொல்லட்டா?"

"உங்கப்பன் வெட்டுனது. நீயே படி."

இசைவாணி படித்தாள். கையைக் காப்பாற்ற முயற்சி செய்கிறார்கள். இரத்தக் குழாய் சேராவிட்டால் முழங்கைக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதம். கோவிந்தம்மாள் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துட்டா, அப்புறம் வண்டி ஓட்டுவானா?"

இசைவாணி நர்சிடமிருந்து பேனாவை வாங்கி நீட்டினாள்.

கோவிந்தம்மாள் பேனாவை வாங்கினாள். சுவரில் காகிதத்தை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தி அழுத்திப் பேரை எழுதினாள். நர்ஸ் வாங்கிக்கொண்டு உள்ளே போனார். கதவு மூடியது.

"போலீஸ்காரம்மாகிட்ட உண்மையச் சொல்லிட்டேன் பெரியம்மா. அப்பாதான் வெட்டுனாருன்னு."

கோவிந்தம்மாள் நடைபாதையின் மறுகோடியைப் பார்த்தாள். அங்கிருந்து நடராசனின் இருமல் கேட்டது.

"மூணாவது கட்டில்தான?" என்றாள் மெதுவாக. "அவன் எழுந்து நடக்க எத்தினி நாளாவும்னு டாக்டரக் கேட்டுக்கினு வந்து சொல்லு வாணி. படுத்துக் கெடக்கறவன நான் ஒண்ணும் பண்ண மாட்டேன்."